ஏழாவது மடிப்பு

ஒரு மனிதன் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம். பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுக்கலாம். தேர்வில் முதல் வகுப்பை விட்டுக்கொடுக்கலாம். நான் மூன்று முறை விட்டுக்கொடுத்திருக்கிறேன். கொள்கையைக்கூட ஒரு நல்ல நாளாகப் பார்த்து விட்டுக்கொடுக்கலாம். பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. எந்த அதிகாரி எந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டாலும், நிமிர்ந்து நின்று, அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து, பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படி தன் பெயரைச் சொல்கிறவன்தான் மனிதன். மற்றவர்கள் துணிமூட்டைகள்.

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் கல்லூரி இதழின் மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி, எழுத்துப்பூர்வமாக வெளியிட்டேன். புனைபெயரில்.

துணிமூட்டைகள் என்று நான் சொன்னது முப்பத்தெட்டுப் பேரை. அவர்களில் ஒருத்தி என் சித்தி. முப்பத்தெட்டுப் பேரும் வேலை செய்வது ஒரு சலவைக்கூடத்தில். வகுப்பில்லாத நேரங்களில் நானும் அங்கேதான் துணி மடிக்கிறேன். எட்டு மாத அனுபவம்.

சலவைக்கூடம் என்றால் வெயிலில் கொடி கட்டிய இடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். தகரக்கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு பக்கம் ஆளுயரத்துக்கு வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த இயந்திரங்கள், மறுபக்கம் இஸ்திரி உருளைகள், நடுவில் நாங்கள். நகரத்தின் பெரிய விடுதிகளில் முந்தின இரவு யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளெல்லாம் காலையில் எங்களிடம் வந்து சேரும். வந்த ஊர்க்காரர், போகிற ஊர்க்காரர், திருமணமானவர், ஆகப்போகிறவர் என்று எல்லோருடைய கனவும் அந்தத் துணியில் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது என்பது என் கருத்து. கறை அண்ணனுக்கு இதில் உடன்பாடில்லை. கறை எடுப்பதுதான் அவருக்கு வேலை. "கனவு கறை பிடிக்காதுப்பா. பிடிச்சா எனக்குத் தெரியாம போயிருக்குமா?" என்பார்.

உருளைகள் ஓட ஆரம்பித்தால் கொட்டகை முழுக்க நீராவி. நாலு முழத்துக்கு அப்பால் இருப்பவரின் முகம் கரைந்துவிடும். விரிப்பைப் பிடித்த இரண்டு கை தெரியும், குரல் ஒன்று வரும், அவ்வளவுதான். அந்த வெள்ளைக்குள் மணிக்கணக்காக நின்றால் நேரம் நகர்வது தெரியாது. நான் அங்கே நின்றபடியே பல தேசங்களுக்குப் போய்வந்திருக்கிறேன். ஒருமுறை, உலக வரைபடத்தை யாரோ தவறுதலாக வெந்நீரில் போட்டு, கோடெல்லாம் போய், வெறும் வெள்ளைத்துணியாக எடுத்து என் கையில் கொடுப்பதுபோல இருந்தது. எந்தப் பக்கம் மேலே என்று தெரியாமல் நான் அதை நாலாக மடித்து அடுக்கினேன். மிகவும் நிம்மதியாக இருந்தது.

"காலேஜு! தூங்கறியா மடிக்கிறியா?" என்று இஸ்திரி அக்கா கத்தினாள். வரைபடம் தலையணை உறையாக மாறிவிட்டது.

கொட்டகையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. இரண்டையும் ஆரம்பித்தவள் இந்த இஸ்திரி அக்காதான்.

முதல் வழக்கம்: வாசலைத் தாண்டிவிட்டால் யாருக்கும் பெயர் கிடையாது. செய்கிற வேலைதான் பெயர். இஸ்திரி, கறை, தள்ளுவண்டி, மடிப்பு. மடிப்பில் மட்டும் ஆறு பேர். "மடிப்பு!" என்று கூப்பிட்டால் ஆறு தலையும் திரும்பும், குரல் போகிற போக்கில் உரிய தலை தன்னை அறிந்துகொள்ளும். என் சித்தி நான்காவது மடிப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் கொட்டகை நடுவில் நின்று என் பெயரை முழுதாக அறிவித்தேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்த அதே நொடியில் இஸ்திரி அக்கா நீராவிக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். ஸ்ஸ்ஸ் என்ற அந்தச் சத்தத்தில் என் பெயர், முதலெழுத்தோடு சேர்ந்து, ஆவியாகப் போனது. அன்றிலிருந்து நான் காலேஜு.

இரண்டாவது வழக்கம் பிஸ்கட் டின். முப்பத்தெட்டில் இருபத்தாறு பேருக்குக் குடியுரிமை அட்டை இருக்கிறது. பன்னிரண்டு பேருக்கு இல்லை. யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. காலையில் வந்ததும் அட்டை உள்ளவர்கள் அதை இஸ்திரி மேசைக்கு அடியில் இருக்கும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். இல்லாதவர்களும் டின்னைத் திறந்து கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். பார்க்கிறவருக்கு எல்லாம் ஒன்றுதான். நான் போட்டதில்லை. என் அட்டை என் சட்டைப்பையில், இதயத்துக்கு நேர் மேலே இருந்தது. அட்டை கிடைத்திருப்பது காட்டுவதற்கு. அதை டின்னில் போட்டு மூடுவது குடை வைத்துக்கொண்டு நனைவது மாதிரி என்று அவர்களிடம் தர்க்கரீதியாக விளக்கினேன்.

"விளக்கிட்டியா? சரி, அந்தப் போர்வையைப் பிடி" என்றாள் அக்கா.

இதெல்லாம் எதற்கு என்பது நான் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் புரிந்தது. குடியேற்றச் சோதனைப் பிரிவிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். பன்னிரண்டு இருக்கை வைத்த ஒரு வேன், ஒரு மடக்கு மேசை, ஒரு கணினி. எல்லோரையும் வரிசையாக நிறுத்தி முதல் கேள்வி கேட்டார்கள். "பேர்?"

"இஸ்திரி" என்றாள் அக்கா.

அதிகாரி சிரித்துக்கொண்டே அதையே தட்டினார். அடுத்தவள் வந்தாள். "இஸ்திரி." தட்டினார். கணினி 'டொங்' என்றது. இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது.

அவர்களுடைய படிவம் அப்படி. வரிசையில் நிற்கிற எல்லோர் பெயரும் முதல் கட்டத்தில் நிரம்பாமல் இரண்டாம் கட்டத்துக்குப் போகாது. பெயர் இல்லாமல் ரேகை எடுக்க முடியாது, உடம்பைச் சோதிக்க முடியாது, வண்டியில் ஏற்ற முடியாது. ஆறு மணி நேரத்துக்குள் ஆள் யாரென்று உறுதி செய்யாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று ஒரு விதியும் இருந்தது. அலுவலக நேரம் முடிந்து அவர்களும் வீட்டுக்குப் போக வேண்டுமல்லவா. அட்டை உள்ள இருபத்தாறு பேரும் எடுத்து நீட்டியிருந்தால் மிச்சம் நிற்பது சரியாகப் பன்னிரண்டு. வேனில் இருக்கையும் பன்னிரண்டு. யாரும் நீட்டவில்லை. அன்று எனக்குப் பரீட்சை. நான் பிற்பகலில்தான் போய்ச் சேர்ந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கொட்டகை முழுக்க நீராவி. உள்ளே 'டொங், டொங்' என்று கணினி மணியடித்துக்கொண்டிருந்தது. ஏதோ கடலுக்கடியில் பூசை நடப்பதுபோல இருந்தது. ஐந்து மணிக்கு மேசையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வேறு எவனாக இருந்தாலும் மெய்சிலிர்த்திருப்பான். நான் கட்டுரை எழுதினேன்.

தலைப்பு, 'பிஸ்கட் டின் குடியரசு'. அட்டைகளை ஒளித்துவைப்பதால் சமத்துவம் மலரும் என்று நம்பும் ஓர் அதிசய நாடு, அங்கே எல்லோரும் சமம், ஏனென்றால் யாருக்கும் யார் முகமும் தெரியாது, மேசைக்கு அடியில் கருவூலம், தேசியகீதம் ஸ்ஸ்ஸ். "ஆகவே மகாஜனங்களே, இந்தக் குடியரசில் ஒரே ஒரு குடிமகனுக்குத்தான் மூளை வேலை செய்கிறது, அவன் அட்டை அவன் சட்டைப்பையில்" என்று முடித்திருந்தேன். வகுப்புத் தோழர்கள் அதைக் கைப்பேசியில் படமெடுத்துச் சுற்றுக்கு விட்டார்கள். புகழ் என்றால் என்னவென்று முதல்முறையாக அறிந்தேன். புனைபெயருக்கு வந்த புகழ் என்பதால், வெளியே போன பிள்ளைக்கு வேறு வீட்டில் விருந்து நடப்பதுபோல இருந்தது.

அப்போது நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா ஓடிக்கொண்டிருந்தது. அட்டை இல்லாதவர்களுக்கு அட்டை தரும் சீர்திருத்தம். உலர்த்தும் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு அந்த மசோதா உள்ளே சுழல்வது தெரியும். உறுப்பினர்கள் ஆளுக்கொரு கைப்பிடி சோடாவை அள்ளிப் போடுவார்கள். உள்ளே போகும்போது அது முழுநீளப் போர்வை: இங்கே ஐந்து ஆண்டு உழைத்த எல்லோருக்கும் அட்டை. ஒரு வெளுப்பு முடிந்ததும் பத்து ஆண்டு. அடுத்த வெளுப்பில் பன்னிரண்டு, அதுவும் இடையில் முறியாமல். கடைசியாக வெளியே எடுத்தபோது அது ஒரு கைக்குட்டை: பன்னிரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அதோடு சோதனையில் பிடிபட்டு ஒருமுறைகூடத் தடுப்புப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கக் கூடாது. இருந்தாலும் கைக்குட்டை கைக்குட்டைதான். முகம் துடைக்க ஆகும். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள்.

சித்திக்குப் பன்னிரண்டு ஆண்டு கணக்காக முடிந்திருந்தது. அந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது என் காய்ச்சலிலிருந்து தொடங்குகிறது.

அம்மாவும் அப்பாவும் வேறொரு நகரத்தில் வேலை பார்த்தார்கள். இப்போதும் பார்க்கிறார்கள். அப்பாவுக்கு அட்டை இருந்ததால் எனக்கும் கிடைத்தது; இதில் என் சாதனை எதுவுமில்லை. என்னைப் பார்த்துக்கொள்வதற்கென்றே சித்தியை வரவழைத்தார்கள். அவளுடைய அனுமதிச்சீட்டில் வந்த காரணம் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. எனக்கு எட்டு வயதானபோது அதைப் புதுப்பிக்க ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு நூற்று மூன்று டிகிரி. சித்தி போகவில்லை. ஈரத்துணியோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை எனக்கு ஜுரம் விட்டது. புதன்கிழமையிலிருந்து அவள் சட்டப்படி இந்த நாட்டில் இல்லை. இல்லாதவள் மறுநாள் எழுந்து எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினாள்.

கட்டுரை கைப்பேசி கைப்பேசியாகத் தாவி ஒருநாள் கறை அண்ணனிடம் வந்து சேர்ந்தது. அவர் இடைவேளையில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சத்தமாகப் படித்தார். நான் விரிப்புகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார்கள். தேசியகீதம் வந்த இடத்தில் தள்ளுவண்டி மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரியில் கறை அண்ணன் குரல் தடுமாறியது. முப்பத்தெட்டுப் பேரும் மெதுவாகத் திரும்பி என் சட்டைப்பையைப் பார்த்தார்கள்.

"யாரு எழுதினதுன்னு தெரியல" என்றாள் இஸ்திரி அக்கா. "ஆனா நம்மள்ல யாருக்கோ நல்லா எழுத வருது. வாழ்க."

பிறகு டின்னை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். "எல்லாரும் அவங்கவங்க அட்டையை எடுத்து வீட்ல வெச்சிடுங்க. கருவூலம் எங்கன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அன்று மாலை வீட்டில் சித்தி எங்கள் சொந்தத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா எழுதியிருக்கடா. ரெண்டு இடத்துல வாய்விட்டுச் சிரிச்சேன்."

"நான்தான் எழுதினேன்னு யாரு சொன்னா?"

"'ஆகவே மகாஜனங்களே'ன்னு வருதே. மூணாம் கிளாஸ்ல எனக்கு ஒரு லெட்டர் எழுதினியே, ஞாபகம் இருக்கா? 'ஆகவே சித்தி, சைக்கிள் இல்லாமல் இனி வாழ இயலாது'ன்னு."

"சைக்கிள் வாங்கித் தரவே இல்லையே நீ."

"வாழ்ந்துட்டியே." ஒரு சட்டையைத் தட்டி நீட்டினாள். "துணிமூட்டைன்னு எழுதியிருந்த பாரு…"

"அது உவமை சித்தி."

"உவமைன்னா சரி. மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு வெளிய தெரியாது. அதுக்காகத்தானே கட்டறது."

அந்தச் சட்டையைத்தான் மறுநாள் போட்டுக்கொண்டு போனேன். அட்டை பையில்தான் இருந்தது. வீட்டில் வைத்துவிட்டால் தோற்றதாகிவிடும் என்று ஓர் எண்ணம். முதல் தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

பதினொன்று பத்தாகி, பத்து ஒன்பதானபோது, முற்பகலில் வந்தார்கள். இந்த முறை வேன் இல்லை, பேருந்து. அது கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றதும் உள்ளே வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. நீராவி பாலாக இருந்தது சாம்பலானது. நானும் சித்தியும் ஒரு பெரிய விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அதிகாரி புதியவர். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கையில் ஒரு நகல்தாள். நேராக இஸ்திரி மேசைக்குப் போய்க் குனிந்து டின்னை எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்தார். பிஸ்கட். ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"நமத்துப் போயிருக்கும்மா."

"நீராவி சார்" என்றாள் அக்கா. "இங்க எல்லாமே கொஞ்சம் நமத்துத்தான் இருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினார். தாளைப் பிரித்தார். என் கட்டுரை.

"'தேசியகீதம் ஸ்ஸ்ஸ்.' யாரு சாமி எழுதினது? என் சம்சாரத்துக்குப் படிச்சுக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரிச்சா. எங்க ஆபீஸ்ல ஒட்டி வெச்சிருக்கோம். இதை எழுதினவருக்கு நான் கை குடுக்கணும்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நொடியில் என் வலது கை பாதி உயர்ந்தது. அச்சில் ஒருநாளும் சொந்தப் பெயர் வராதவனுக்குத்தான் அந்தப் பாதி உயரம் புரியும். விரிப்பின் மறுமுனையில் சித்தி ஒரு சுண்டு சுண்டினாள். கை இறங்கியது.

"எனக்கு பஸ்கூட அவசியப்படாது, ஒரு வேன் போதும்" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை; அதுதான் பயமாக இருந்தது. "இதுல வர்ற அந்த ஒரே புத்திசாலி முன்னாடி வந்து, அட்டையைக் காமிச்சு, பேரைச் சொல்லிட்டுக் கிளம்பலாம். அவருக்கு ஒண்ணும் ஆகாது. அவரு போனா இன்னொருத்தர் காமிப்பார். அப்புறம் இன்னொருத்தர். மதியத்துக்குள்ள முடிஞ்சிடும். வேலையை நிறுத்திட்டு வரிசையா நில்லுங்க."

அவர் சொன்னது சரி. கறை அண்ணனுக்கு அட்டை உண்டு என்பது அவர் நெற்றியில் பூத்த வேர்வையிலேயே தெரிந்தது. மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். யாராவது ஒருவர் தொடங்கினால் அவர் தொடர்ந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கண் என் சட்டைப்பையிலேயே நின்றது.

இஸ்திரி அக்கா, "சார், அந்த விரிப்பு பாதி மடிப்புல நிக்குது. கீழ போட்டா திரும்ப வெளுக்கணும்" என்றாள்.

"முடிச்சுட்டு வரட்டும்."

பெரிய விரிப்பை மடிப்பது பார்க்க அழகான வேலை. இரண்டு பேர் முனைகளைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். துணியை ஒரு தட்டுத் தட்டினால் நடுவில் காற்று புகுந்து அது மேலே எழும்பும். இறங்குவதற்குள் இருவரும் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பிறகு பின்னால் போய், மறுபடி வர வேண்டும். அன்று அந்த விரிப்பு எழும்பியபோது இறங்கவே இல்லைபோலத் தோன்றியது. அதற்கு அந்தப் பக்கம் பேருந்து இல்லை, மேசை இல்லை. காய்ச்சல் அறையின் கொசுவலை மாதிரி ஒரு வெள்ளை; அதற்குள் ஈரத்துணியோடு ஒரு கை. நான் நடந்தேன். அவளும் நடந்து வந்தாள். முனையோடு முனை சேர்ந்தபோது அவள் முகம் மிக அருகில் இருந்தது.

"உன் பேரைச் சொல்லிட்டுக் கிளம்புடா" என்றாள் உதடு அசையாமல். "திங்கக்கிழமை பரீட்சை இருக்கு."

"என் பேரைத் தட்டினா நீ வருவ சித்தி. போட்டோவோட."

அது அவளுக்கும் தெரியும். பழைய அனுமதிச்சீட்டில் அவளுக்குக் காரணம் நான். என்னைத் தேடினால் கணினியில் அடுத்த வரியில் அவள்.

"வந்தா வரேன். எனக்கும் என் பேரை யாராவது கூப்பிட்டுக் கேட்டுப் பன்னெண்டு வருஷமாச்சு."

பின்னால் போனோம். துணி மறுபடி எழும்பியது. அந்தக் கொட்டகையில் அவள் பெயர் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எட்டு மாதமாக அதை நான் கத்திச் சொல்லத் துடித்த என் பெயருக்குப் பின்னாலேயே கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். அறிவாளி.

மறுபடி நடந்து வந்தோம். கடைசி மடிப்புக்கு முன்னால் விரிப்பை மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும்; தொழில்முறையே அதுதான். அணைத்துப் பிடித்தேன். இரண்டு விரல் சட்டைப்பைக்குள் போய்வர ஒரு மூச்சு நேரம். ஓரம் சேர்த்து, நீவி, அடுக்கின் மேல் வைத்தேன். சித்தி பார்த்தாள். அந்த மடிப்பில் இல்லாத ஒரு சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். தள்ளுவண்டி மாமா அடுக்கை வண்டியில் ஏற்றிப் பின்வாசல் வழியாக விடுதி லாரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். 'சரக்கு போகணும் சார்' என்றார். துணிக்குப் பெயர் கேட்க அவர்களுடைய படிவத்தில் இடமில்லை. இன்றிரவு யாரோ ஒருவர் என் குடியுரிமையின் மேல் படுத்துத் தூங்கப்போகிறார். நல்ல கனவாக வரட்டும்.

வரிசை நகர்ந்தது.

"பேர்?"

"இஸ்திரி." ஏற்றுக்கொண்டது.

"இஸ்திரி." டொங்.

"தள்ளுவண்டி."

"மடிப்பு." ஏற்றுக்கொண்டது.

"மடிப்பு." டொங். மூன்றாவது, டொங். நான்காவதாக என் சித்தி. "மடிப்பு" என்றாள், காய்கறி விலை சொல்வதுபோல. டொங். ஐந்து. ஆறு.

எனக்குப் பின்னால் கறை அண்ணன். அவர் மூச்சு என் பிடரியில் பட்டது. அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். நடுவிரலில் பேனா மை. சட்டைப்பையைப் பார்த்தார், அது தட்டையாக இருந்தது. அவர் முகத்தில் ஒரு வாசகனின் சந்தோஷம் மெதுவாக வந்தது.

"நீங்கதானா தம்பி?" என்றார் தாழ்ந்த குரலில். "பிரமாதம். சும்மா சொல்லல. சொல்லுங்க, முழுப் பேர் என்ன?"

சுவர்க்கடிகாரத்தில் பன்னிரண்டுகூட ஆகவில்லை. ஆறு மணி நேரத்தில் ஐந்துக்கு மேல் மிச்சம் இருந்தது. உருளைகளை நிறுத்தியிருந்தார்கள், நீராவி கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த எட்டு மாதத்தில் முதல்முறையாக எல்லோருடைய முகமும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"மடிப்பு" என்றேன்.

பக்கத்துத் தெருவை விடுங்கள், பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்காது. அவர் காதைச் சாய்த்தார்.

"என்ன?"

"மடிப்பு சார்."

அவர் அந்த நகல்தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, வேறு வழியில்லாமல், ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

டொங்.

நான் நகர்ந்துபோய், ஆறாவது மடிப்புக்கு அடுத்து, சுவரோரமாக நின்றுகொண்டேன். மேசையின் முன்னால் கறை அண்ணன் தொண்டையைச் செருமுவது கேட்டது.